வாஷ்பேசின் மேடைக்குக் கல் விற்பவர்களுக்கும் அறுத்துப் பொருத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். குளியலறையைப் புதுப்பிக்கிறோம் என்று ஒருவர் வந்து நின்றால் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது "என்ன கலர் பார்க்கிறீங்க?" என்ற கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன. வீட்டுக்கு வருவது உப்புத் தண்ணீரா? குளியலறையை எதை ஊற்றிக் கழுவுகிறார்கள்? மேடைமேல் எந்தெந்தப் புட்டிகளும் கருவிகளும் இருக்கும்? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அடுக்கியிருக்கும் ஸ்லாப்களில் பாதி தானாகக் கழிந்துவிடும். கேட்காமல் விற்றால், சில மாதம் கழித்து "கல்லு வெளுத்துப்போச்சு" என்று போன் வரும். பழி கல்லின் தலையில் விழும்.

சமையலறை மேடையில் பழகிய கணக்கை இங்கே அப்படியே போடவும் முடியாது. அங்கே எதிரிகள் கத்தி, எண்ணெய், சுடு பாத்திரம். இங்கே ஆசிட், தலைச்சாயம், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், முடி நேராக்கும் கருவி, நாள் முழுக்கத் தேங்கும் ஈரம்.

மார்பிளில் இருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதிகப் புகார் அதில்தான். மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடத்தில் அது கரைகிறது. பாலிஷ் போய் மங்கலான வட்டம் விழுகிறது. இதைக் கறை என்று சொல்லி விற்பனையாளரே குழப்பிவிடுகிறார். கறை என்பது உள்ளே இறங்கிய நிறம், அதை உறிஞ்சி எடுக்க வழி உண்டு. இது மேற்பரப்பே அரித்துப்போனது. மறுபடி தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் போகும். அதனால் "சீலர் அடிச்சுத் தர்றோம், ஒண்ணும் ஆகாது" என்ற வாக்குறுதியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் போய் நிறம் இறங்குவதைத் தாமதப்படுத்தும். மேலே இருக்கும் கல்லுக்கும் அமிலத்துக்கும் நடுவில் அது குறுக்கே நிற்பதில்லை. டாய்லெட் கழுவும் திரவம் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பக்கத்தில் ஊற்றும்போது தெறிக்கும் ஒரு துளி போதும். முகத்துக்குப் பூசும் வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமிலம் கலந்த டோனர் ஆகியவையும் அமிலத்தன்மை உள்ளவையே. புட்டியின் அடியில் வழிந்து நின்றால் அந்த வட்டம் அப்படியே கல்லில் பதியும்.

உப்புத் தண்ணீர் வீட்டில் இந்தச் சிக்கல் முடிச்சாகவே விழுந்துவிடுகிறது. குழாயடியில் வெள்ளையாகப் படிவதும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், மார்பிளும் அதுவே. படிவைக் கரைக்கும் எந்தத் திரவமும் மார்பிளையும் சேர்த்தே கரைக்கும். ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து உலர்த்துகிற வீடு என்றால் தாராளமாக விற்கலாம். மற்றவர்களுக்கு வேறு கல்லைக் காட்டுங்கள். மார்பிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பளபளப்பை விட்டு மேட் பாலிஷ் கொடுங்கள். அரிப்பு விழாமல் இருக்காது, ஆனால் கண்ணில் உறுத்தாது.

கிரானைட் ஆசிட்டுக்கு நன்றாகத் தாங்கும். துருக்கறை நீக்கிகள் சிலவற்றில் வரும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் மட்டும் விதிவிலக்கு, அது கிரானைட்டையும் தின்னும். கிரானைட்டில் கேள்வி வேறு: எவ்வளவு உறிஞ்சுகிறது, நிறம் உண்மையானதா? மேலே நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சொட்டின் அடி கருத்துப்போனால் சீலர் கட்டாயம். கருக்காவிட்டால் வேண்டாம், அங்கே அடித்தால் உள்ளே இறங்காமல் மேலே பிசுபிசுப்பாக நிற்கும். சீலரைப் பூசியபின் புட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்தெடுக்காவிட்டாலும் இதே மங்கல்தான். கருங்கல்லில் இன்னொரு தில்லுமுல்லு நடக்கிறது: சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றிக் கறுப்பாக்குவது. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அழுத்தித் தேய்த்தால் துணி கறுக்கும். வாங்க வந்தவர் செய்வதற்கு முன் நீங்களே அவர் முன்னால் செய்து காட்டினால் உங்கள் மதிப்பு கூடும். வெள்ளை கிரானைட் சிலவற்றில் இரும்புச் சத்துள்ள தாது இருக்கும். விடாத ஈரத்திலும் பிளீச்சிலும் அது மஞ்சளாகத் துருப்பிடிக்கலாம். அதைச் சொல்லியே விற்க வேண்டும்.

செயற்கை குவார்ட்ஸ் பற்றி உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. எடையில் சுமார் தொண்ணூறு சதவீதம் தாதுத்தூள், மிச்சம் அதைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசின், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். உறிஞ்சாது, சீலர் தேவையில்லை, குளியலறைக்குப் பல வகையில் பொருத்தமானது. ஆனால் "கல்லுதானே, சூடு தாங்கும்" என்கிறீர்களே, அங்கே இடிக்கிறது. ரெசினுக்கு 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆபத்து தொடங்குகிறது. முடி நேராக்கும் கருவி 200 டிகிரிக்கு மேல் போகும். அதை அணைக்காமல் மேடைமேல் வைத்தால் மஞ்சள் தழும்பு, சில நேரம் விரிசல். இரண்டையுமே தேய்த்து எடுக்க முடியாது. நேர் வெயில் விழும் ஜன்னலடியிலும் வெளிர் நிறங்கள் நாளடைவில் மஞ்சளடிக்கும். ஒரு சிலிக்கான் ரப்பர் விரிப்பை இலவசமாகக் கொடுத்து, எதற்கென்று சொல்லி அனுப்புங்கள்.

கடுமை அதைப் பற்றி மட்டும் இல்லை. பல குவார்ட்ஸ் ஸ்லாப்களில் இருப்பது பெரும்பாலும் படிக சிலிக்கா. உலர்வாக அறுத்தால் கிளம்பும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைக் கொடுக்கும், அது குணமாவதில்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லின் உற்பத்தி, விற்பனை, பொருத்துதல் எல்லாவற்றுக்கும் தடை போட்டது இதனால்தான். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. அறுப்பதையும் துளையிடுவதையும் பட்டறையில் தண்ணீர் விட்டே முடியுங்கள். "குழாய் ஓட்டை சைட்ல போட்டுக்கலாம்" என்ற வழக்கம்தான் கேடு: மூடிய குளியலறை, உலர் கிரைண்டர், முகத்தில் ஒரு கைக்குட்டை. ஒற்றைத் துளைக் குழாய்க்கு வழக்கமாக 35 மி.மீ. விட்டம், குழாயை முன்கூட்டியே வாங்கிவரச் சொன்னால் பட்டறையிலேயே போட்டுவிடலாம். துணிக்கட்டு இந்தத் தூளைத் தடுக்காது.

போர்சிலின் ஸ்லாப் ஆசிட், வெயில், சூடு மூன்றையும் பொருட்படுத்தாது. நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கும் கீழே. உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். பலவீனம் ஓரத்தில். கண்ணாடிப் புட்டி விழுந்தால் ஓரம் தெறிக்கும், டிசைன் பெரும்பாலும் மேல்பரப்போடு நின்றுவிடுவதால் உள்ளே வேறு நிறம் பல்லிளிக்கும். இரு துண்டுகளின் ஓரங்களை 45 டிகிரியில் சீவி ஒட்டும்போது கூர்முனையை அப்படியே விடாமல் ஓரிரு மி.மீ. மழுக்கிவிடுங்கள்.

அக்ரிலிக் சாலிட் சர்ஃபேஸ், அதாவது அக்ரிலிக் ரெசினில் தாதுத்தூள் கலந்து வார்த்த பலகை, மென்மையானது, சூட்டையும் அசிட்டோனையும் தாங்காது. ஆனால் கீறலைத் தேய்த்து அழிக்கலாம், தொட்டியோடு சேர்த்து ஒட்டில்லாமல் வார்த்தாற்போல் கொடுக்கலாம். அழுக்கு சேர இடுக்கே இராது. அடர் நிறத்தில் மட்டும் எடுக்க வேண்டாம், ஒவ்வொரு கீறலும் வெள்ளைக் கோடாகத் தெரியும். லேமினேட் ஒட்டிய துகள் பலகையை வாஷ்பேசின் மேடைக்கு விற்கவே வேண்டாம் என்போம். வெட்டிய ஓரம் வழியாக ஈரம் போய் ஊதிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

இனி அறுப்பவர்களிடம். தொட்டிக்கு வெட்டும் ஓட்டையின் மூலையைச் சதுரமாக வெட்டாதீர்கள். விரிசல் அந்த முனையில்தான் பிறக்கும். முதலில் மூலைகளில் வட்டத் துளை போட்டு, அப்புறம் நேர்கோட்டில் அறுங்கள். குறைந்தது 10 மி.மீ. ஆரம் இருக்கட்டும். தொட்டிக்கு முன்னால் மிஞ்சும் பட்டை 60 மி.மீ.க்குக் குறைந்தால் தூக்கும்போதே உடையும். அதைப் பலப்படுத்த அடியில் சாதாரண இரும்புக் கம்பி பதிப்பவர்கள் உண்டு. கம்பி துருப்பிடித்து உப்பும், கல் அதன் மேலேயே பிளக்கும். ஸ்டெயின்லெஸ் அல்லது கண்ணாடி நார்க் கம்பி போடுங்கள். முன்விளிம்பின் அடியில், ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே, 3 மி.மீ. ஆழத்தில் ஒரு நீர்வடிக் காடி இழுத்தால் வழியும் தண்ணீர் அலமாரிக் கதவில் இறங்காது. செலவில்லாத வேலை, ஏனோ பலர் செய்வதில்லை.

அளவு எடுப்பது அலமாரியைப் பொருத்தி மட்டம் பார்த்த பிறகு. சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்பி முன்பே அறுத்தால் பின்பக்கம் விரல் நுழையும் இடைவெளி வரும். உயரம் தொட்டியின் விளிம்பைக் கொண்டு கணக்காக வேண்டும்: விளிம்பு 80 முதல் 85 செ.மீ. வரை வசதி. மேலே வைக்கும் கிண்ணத் தொட்டி 14 செ.மீ. உயரம் என்றால் கல் 70 செ.மீ. அளவில் நிற்க வேண்டும். இதைக் கவனிக்காத வீட்டில் குழந்தைகள் ஸ்டூல் தேடுவார்கள்.

எடையையும் சொல்லிவிடுங்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு சுமார் 54 கிலோ. 150 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம் என்றால் 45 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சுவரில் தொங்கும் மேடைக்கு இதோடு தொட்டி, தண்ணீர், சாய்ந்து நிற்கும் ஆள் எல்லாம் சேரும். பிராக்கெட் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ பிடித்திருக்க வேண்டும். டைல்ஸில் மட்டும் பிடித்தது நிற்காது. அடியில் மாட்டும் தொட்டியை வெறும் சிலிக்கானை நம்பித் தொங்கவிடவும் கூடாது. கிளிப்போ சட்டமோ தாங்க வேண்டும், சிலிக்கான் நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும்.

அந்த சிலிக்கானிலும் வகை பாருங்கள். பிழிந்ததும் வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது, மார்பிளின் ஓரத்தை அரிக்கிறது. கண்ணாடியின் பின்பூச்சையும் கெடுக்கும். கல்லுக்கென்று விற்கும், கறை விடாத, அமிலம் வெளியிடாத நியூட்ரல் வகையே வேண்டும். இல்லையென்றால் சாதாரண சிலிக்கானில் இருக்கும் எண்ணெய் கல்லில் ஊறி, ஓரமெல்லாம் கருத்த சட்டம் போட்டாற்போல் ஆகும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தேர்ந்தெடுத்த ஸ்லாபிலிருந்தோ அதே லாட்டிலிருந்தோ ஓர் உள்ளங்கை அளவுத் துண்டு கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் புழங்கும் தலைச்சாயம், நகப்பூச்சு நீக்கி, முக சீரம், கழுவும் திரவம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க வைத்துக் காலையில் கழுவிப் பார்க்கட்டும். அதன் பிறகு முன்பணம் வாங்குங்கள்.

இப்படிக்கு,
குளியலறைப் பணிகளில் உங்களோடு வேலை செய்பவர்கள்