தூதேலா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி பிள்ளைகள் இருவருக்கும் நீதிமன்றம் உன்னையே காப்பாளராக நியமித்துவிட்டது என்று படித்ததும் மனம் லேசானது. நான் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய ரோமானியச் சட்டத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். வீட்டில் கேட்க ஆளில்லை. நீயாக வந்து மாட்டிக்கொண்டாய்.

இந்தப் பொறுப்புக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் என்று கேட்டிருந்தாய். ரோமானியர் 'தூதேலா' என்றார்கள். பார்த்தல், கண் வைத்துக் காத்தல் என்று பொருள்படும் 'துவேரி' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். பொறுப்பேற்பவர் 'தூதோர்'. பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறோமே, அதற்கும் இதே வேர்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் பாதுகாப்பு என்றே பொருள். பாடம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, அந்தக் கண் எதன்மேல் இருந்தது? ரோமின் பழைய எழுத்துச் சட்டமான, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டப்படி, தகப்பன் உயிலில் யாரையும் குறிப்பிடாமல் இறந்தால், தந்தை வழியில் மிக நெருங்கிய ஆண் உறவினர் தூதோர் ஆவார். பிள்ளை சிறுவயதிலேயே இறந்துபோனால் சொத்து போய்ச் சேருவதும் பொதுவாக அவரிடம்தான்! ஆகவே தொடக்கத்தில் அவர் காத்தது குழந்தையை அல்ல, நாளை தனக்கு வரக்கூடிய நிலத்தை என்றே எனக்குப் படுகிறது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. வயது வந்த பெண்ணுக்கும், தகப்பனோ கணவனோ அதிகாரம் செலுத்தாத நிலையில், ஒரு தூதோர் இருந்தாக வேண்டும். முக்கியமான சொத்துகளை விற்க அவருடைய ஒப்புதல் தேவை. பெண் புத்தி நிலையற்றது என்று காரணம் சொன்னார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கையுஸ் என்ற சட்ட ஆசிரியர், அந்தக் காரணம் கேட்கத்தான் நன்றாக இருக்கிறது, உண்மையில்லை என்று எழுதிவிட்டார். ஒரு பாடநூலில் இதை எழுதிய துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே, அடிமையாக அல்லாமல் சுதந்திரமாகப் பிறந்து மூன்று பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இதிலிருந்து விலக்கு கிடைத்திருந்தது. பிள்ளை பெற்றால் புத்தி நிலைத்துவிடும்போலும்.

ஆனாலும் காப்பவர்மேலும் ஒரு கண் வேண்டும் என்பது ரோமானியருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. பிள்ளையின் சொத்தைக் கையாடிய தூதோர் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி அந்தப் பன்னிரண்டு பலகைகளிலேயே உண்டு என்கிறார்கள். பிற்காலத்தில் பொறுப்பேற்கும்போதே சொத்துப் பட்டியல் எழுத வேண்டும் என்றும், பிணை தர வேண்டும் என்றும் கட்டாயங்கள் சேர்ந்தன. ஆண் பிள்ளைக்கு 14 வயதானால் தூதேலா முடிந்தது. அன்றைக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

உன்னை நான் சந்தேகப்படவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் பிள்ளைகளின் பணத்தை உன் கணக்கோடு கலக்காமல் தனியாகவே வைத்துக்கொள். பள்ளிக் கட்டண ரசீது முதல் எல்லாவற்றையும் எடுத்து வை. நீதிமன்ற உத்தரவின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. சொத்தை விற்பது பற்றி அதில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். பெரியவன் இப்போது எந்த வகுப்பு?

அன்புடன்,
மாணிக்கம்