ஆண்டுவிழா நாடகம் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் பருவம் நிறைவடையும் இவ்வேளையில் பள்ளிச் செய்திகள் சிலவற்றைத் தங்களுடன் பகிர்ந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைகிறேன். பருவத் தேர்வுகள் குறித்த நாட்களில் நடந்து முடிந்தன. விடைத்தாள்கள் அடுத்த வாரம் வழங்கப்படும். விளையாட்டு விழாவில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடைபெற்றது. நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துள்ளன. உழைத்த அனைவருக்கும் என் பாராட்டுகள்.

ஆண்டுவிழாவும் இனிதே நடந்தது. அதில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே எழுதி நடித்த குற்றப் புலனாய்வு நாடகத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அன்று வர இயலாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு பள்ளியின் கணினி அறைப் பூட்டு உடைக்கப்படுகிறது; தடுக்க வந்த காவலாளிக்குத் தலையில் அடிபடுகிறது. சந்தேகம் மூன்று மாணவர்கள் மேல் விழுகிறது. ஒருவன் அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுபவன், ஒருத்தி வகுப்பில் கைகலப்பில் இறங்கியவள், மூன்றாமவன் யாரிடமும் பேசாதவன். முதல் இருவர் எங்கே இருந்தார்கள் என்பது விரைவிலேயே தெளிவாகிவிடுகிறது. மூன்றாமவன், அன்றிரவு தன் வீட்டில் தன் அறையில்தான் இருந்ததாகச் சொல்கிறான். அதை உறுதிப்படுத்தக்கூடிய ஒரே ஆள் அவனுடைய தந்தை. ஆய்வாளர் அவரிடம் கேட்பவை மிக எளிய கேள்விகள்: மகன் எத்தனை மணிக்கு வீடு திரும்பினான், சாப்பிட்டானா, என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், எந்த வகுப்பில் படிக்கிறான்? கடைசிக் கேள்விக்கு மட்டும் தந்தையிடம் பதில் இருக்கிறது: “எட்டாம் வகுப்பு.” பையன் படிப்பது ஒன்பதில். அந்த இடத்தில் அரங்கில் பெரும் சிரிப்பு எழுந்தது; எழுந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று.

இந்தத் தந்தைப் பாத்திரம் தம்மை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதென்று இதுவரை ஏழு பெற்றோர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பாத்திரம் காதிலிருந்து எடுக்காத கைபேசியை ஒருவர் சுட்டிக்காட்டுகிறார். வெள்ளை நிறக் காரை மற்றொருவர். “நான் யாருக்காக இப்படி ஓடுகிறேன்?” என்னும் வசனம் தம் வீட்டில் தாம் பேசியதேதான் என்கிறார் இன்னொருவர். நாடகத்தை எழுதிய நான்கு மாணவர்களில் இந்த ஏழு பேரின் பிள்ளைகள் எவரும் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு ஏழு பேர் உரிமை கொண்டாடுவது எழுதியவர்களுக்குப் பெருமைதானே என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கடிதங்களில் இருந்த மனவருத்தம் உண்மையானது; அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வது முறையாகாது என்பதால்தான் இந்த விளக்கத்தை அனைவருக்குமாக எழுதுகிறேன்.

பெற்றோர் கூட்டத்தின்போது நாடகம் மீண்டும் மேடையேற இருக்கிறது. அதற்குள் இந்தப் பாத்திரத்தை நீக்கிவிட வேண்டும் என்பது பெரும்பாலான கடிதங்களின் கோரிக்கை. குற்றக் கதையே இந்த வயதுக்கு ஏற்றதன்று, நாடகத்தையே கைவிட வேண்டும் என்று இரு கடிதங்கள் கேட்கின்றன.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மேடையில் அடிதடி எதுவும் காட்டப்படவில்லை. இருட்டில் ஓர் ஓசை கேட்கிறது, அவ்வளவுதான். மாணவர்களின் அக்கறை குற்றத்தில் இல்லை, விசாரணையில்தான் இருந்தது. முதல் பிரதியில் ஆய்வாளர் பையனைத் தனியறையில் உட்காரவைத்து மிரட்டுவதாக எழுதியிருந்தார்கள். பிறகு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியரின் துணையோடு, ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40ஆம் பிரிவையும், அதற்கு முன்பே, 1985இல், சட்டத்தோடு முரண்படும் சிறார்களுக்காக வகுக்கப்பட்ட பெய்ஜிங் விதிகளையும் படித்தார்கள். ஒரு சிறுவன் பிடிக்கப்பட்டால் அவனுடைய பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்வதை அறிந்ததும் காட்சியைத் திருத்தி, பையனின் பக்கத்தில் தந்தைக்கென ஒரு நாற்காலியைப் போட்டார்கள். தகவல் போய்விட்டது, நாற்காலி காட்சி முடியும்வரை காலியாகவே இருந்தது. தந்தை தொலைபேசி வழியாகத்தான் பதில் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சட்ட விதியைப் படித்து அதை மேடைப் பொருளாக மாற்றியதைப் பல ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டதில்லை.

இனி அந்தத் தந்தை. முடிவை முன்கூட்டியே சொல்வதற்கு மன்னிக்கவும்: அந்தப் பையன் திருடவில்லை. ஆகவே ஒரு தந்தையின் அலட்சியத்தால் மகன் திருடனானான் என்று இந்த நாடகம் எங்கும் சொல்லவில்லை; கடிதம் எழுதியவர்களில் சிலர் அவ்வாறு புரிந்துகொண்டிருப்பதாகத் தெரிகிறது. அந்தத் தந்தை மகனை அடிப்பதில்லை, ஏசுவதில்லை, கட்டணத்தை ஒரு நாளும் தாமதமாகக் கட்டியதில்லை. மகன் வீட்டில் இருந்த இரவில், மகன் வீட்டில் இருந்தான் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அவருடைய குறை அது ஒன்றுதான். அவர் பொய் சாட்சி சொல்லியிருக்கலாம். சொல்லாமல் “எனக்குத் தெரியாது” என்கிறார். நாடகத்தில் மிக நேர்மையான வரி அதுவே என்பது என் கருத்து. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளின் வகைகளில் புறக்கணிப்பையும் உலகச் சுகாதார நிறுவனம் சேர்த்திருப்பதைப் படித்த மாணவர்கள், தங்கள் பாத்திரத்தை அந்தச் சொல்லால் அழைக்கலாமா என்று ஒரு மாலை முழுவதும் விவாதித்துவிட்டு, அழைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என்பதையும் தங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒத்திகை நாள்தோறும் மாலை 5 மணிக்கு முடிந்தது. நேரம் சுற்றறிக்கையில் இருமுறை தெரிவிக்கப்பட்டது. ஆயினும் சில மாணவர்கள் 6 மணிக்கும், சிலர் 7 மணிக்குப் பிறகும் பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை அழைக்க யாரும் வராமல் உடற்கல்வி ஆசிரியரே வீட்டில் கொண்டுவிட்ட நாளும் உண்டு. நாடகத்தில் பையன் படிக்கட்டில் அமர்ந்து வாசலை ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் பாதி எழுந்து மீண்டும் உட்காரும் அந்தக் காட்சி, அத்தகைய ஒரு மாலையில் அதே படிக்கட்டில் எழுதப்பட்டது. இதில் எனக்கும் பங்குண்டு. அந்தப் படிக்கட்டு என் அறைச் சன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. பிரதியைக் கடைசிப் பக்கம்வரை படிக்காமலே அனுமதிக் கையெழுத்திட்டவனும் நான்தான்.

இரண்டு செய்திகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது, தந்தையாக நடித்த மாணவனைப் பள்ளி வாசலில் நிறுத்தி, “யார் சொல்லிக்கொடுத்து இப்படி நடித்தாய்?” என்று ஒரு பெரியவர் விசாரித்திருக்கிறார். இது மீண்டும் நடந்தால் அவரைப் பள்ளி வளாகத்துக்குள் அனுமதிக்க இயலாது. கேள்விகள் இருப்பின் என்னிடம் கேளுங்கள்; பதில் சொல்லவே நான் இங்கே இருக்கிறேன். இரண்டாவது, சந்தேகத்துக்கு உள்ளாகும் பையனாக நடித்த மாணவனின் காணொளித் துணுக்கு, அவனுடைய சொந்தப் பெயரோடும் “திருடன்” என்ற அடைமொழியோடும் பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் சுற்றிவருகிறது. நாடகத்தின் முடிவைப் பார்க்காமல் துணுக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவன் திருடனாகவே தெரிவான். உண்மையிலேயே குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் தனியுரிமையைக்கூட மேலே சொன்ன உடன்படிக்கை பாதுகாக்கிறது. வேடம் கட்டியவனுக்கு நாம் அதைக்கூடத் தரவில்லை. அந்தத் துணுக்கை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிட வேண்டும்.

பாத்திரம் நீக்கப்படாது. மாணவர்களோடு பேசியதில், காரின் நிறத்தையும் குறிப்பிட்ட அந்த ஒரு வசனத்தையும் மாற்ற அவர்களே முன்வந்தார்கள். அதற்கு மேல் திருத்தும்படி நான் கேட்கவில்லை. எழுதியவர்களின் பெயர்கள் வெளியிடப்படமாட்டா. இனிமேல் ஒத்திகை நாட்களில் 5.15க்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டுகிறேன். வேலை காரணமாக இயலாதவர்கள் காலையிலேயே அலுவலகத்தில் தெரிவித்தால், 6.30 வரை நூலகத்தைத் திறந்துவைத்து ஓர் ஆசிரியர் உடனிருக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பிழைப்புக்காக இரவுப் பணிக்குச் செல்வோர், தனியொருவராகக் குடும்பத்தைத் தாங்குவோர் நம்மிடையே பலர் இருப்பதை நான் அறிவேன். அவர்களைக் குற்றம் சொல்வது இக்கடிதத்தின் நோக்கமன்று.

கடிதம் எழுதிய ஏழு பேருக்கும் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அவர்கள் அன்று அரங்கில் இறுதிவரை அமர்ந்து ஒவ்வொரு வசனத்தையும் கவனித்ததால்தான் வருத்தப்படவும் எழுதவும் முடிந்தது. ஒத்திகைக் காலம் முழுவதும் தம் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்ற பெற்றோருக்கும், மேடை உடைகளைத் தைத்துத் தந்த தாய்மாருக்கும், இரவு வெகுநேரம்வரை வாசலில் காத்திருந்த எங்கள் காவலாளிக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

நாடகம் இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கும். முதல் மூன்று வரிசைகள் பெற்றோருக்காக ஒதுக்கப்பட்டுள்ளன. கைபேசிகளை நுழைவாயிலில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்