எரிந்த கட்சி, எரியாத கட்சி, எங்கள் ஊர்த் திடல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதிக்கான உள்ளூர்த் திட்ட வரைவு பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் சில வாரங்களுக்கு முன் பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்தது. அறுபது பேருக்குக் குறையாமல் போயிருந்தோம். திரையில் பச்சை, மஞ்சள், ஊதா என்று ஊரே கலர் கலராகத் தெரிந்தது. கடைசியில் அதிகாரி, "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று பொறுமையாகத்தான் நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். கோயிலை ஒட்டிய திடல் அந்தப் படத்தில் கார் நிறுத்துமிடமாக இருந்தது. அதைப் பற்றி மூன்று வரி எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன், எடுக்கவே இல்லை. கறிபாப்பும் தேநீரும் வந்த பிறகுதான் கூட்டத்தில் சத்தமே வந்தது. மோட்டார் சைக்கிள் ஏறும்வரை எல்லாரும் அந்தத் திடலைப் பற்றியே பேசினார்கள்.

"தோட்டத்து ஆளுங்களுக்குப் பேசத் தெரியாது ஆன்ட்டி" என்றான் பக்கத்தில் நின்ற தம்பி. எனக்குச் சுருக்கென்றது.

நான் 1956இல் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். மாசி மாதம் கரும்பும் ஆமணக்கும் நட்டுக் காமன் பண்டிகை தொடங்கிவிட்டால், இரவெல்லாம் லாவணிதான்; இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பது வழக்கு. எங்கள் அப்பா எரிந்த கட்சி. அடுத்த லயத்து மாமா எரியாத கட்சி. அப்பா டேப்பு என்கிற தோல் வாத்தியத்தை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவார். அந்தச் சூடான தோல் வாசனை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. "சாம்பலானவன் ரதி கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிவான்?" என்று மாமா பாட்டிலேயே மடக்குவார். அப்பா அடுத்த சரணத்துக்குள் பதில் தேடியாக வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அதைவிடக் கேவலம் கிடையாது. விடிந்ததும் இருவரும் ஒன்றாகவே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்பார்கள்.

பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலில் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலத்தில், எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய மலாயா அமைச்சருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பத்து வெள்ளி கட்டுவதா வேண்டாமா என்றும் அப்பாவும் மாமாவும் இதே மாதிரி மல்லுக்கட்டினார்களாம். அம்மா சொல்லித்தான் தெரியும். கடைசியில் கட்டினார்கள். பேசத் தெரியாதவர்களா இவர்கள்?

சரி என்று அந்தத் தம்பியையே பிடித்தேன். ஆட்சேபத் தாள் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் கட்சி, பந்து கட்சி என்று லாவணி வைத்தோம். யார் எந்தக் கட்சி என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். தினமும் அங்கே பந்து உதைக்கும் பையனுக்குக் கார் கட்சி விழுந்தது! அவன் முனகிக்கொண்டே எழுந்தான். அப்புறம் திருவிழா நாளில் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் நின்றதைப் பாடினான் பாருங்கள், மண்டபமே அமைதியாகிவிட்டது. அதுவரை நான் அந்தப் பக்கம் நினைத்துப் பார்த்ததே இல்லை. பாட வராதவர்கள் வெறுமனே பேசினார்கள், அதற்கும் டேப்பு அடித்தோம். திடலோரம் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அக்கா, கார் நிறுத்துமிடம் வந்தால் தன் மேசையை எங்கே போடுவது என்று மலாயில் கேட்டார். ஒர்க்ஷாப் வைத்திருக்கும் சீனர், மழை நாளில் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டிவிட்டார். அந்தக் காலத்தில் பெண்கள் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டதோடு சரி, பாடவிட மாட்டார்கள். அன்று முதலில் எழுந்தது என் வயதுப் பெண்கள்தான்.

முடிவில் 27 பேர் தாள் எழுதிக் கொடுத்தோம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதவில்லை. பாதித் திடலைப் பந்துக்கு விட்டு, சாலையோரம் மட்டும் கார் நிறுத்தலாம் என்று சிலர் எழுதினார்கள். என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பட்டிமன்றம்தான் இருக்கிறதே என்பார்கள். மேடையில் ஆறு பேர் பேசுவார்கள், நடுவர் "இரண்டும் வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்வார், நாம் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். அதில் நம் வாய்க்கு வேலை இல்லை. பார்க்க வந்தவரே மேடையேறிக் கதையை மாற்றும் நாடக முறை ஒன்று 1970களில் தென்னமெரிக்காவில் வளர்ந்தது என்று மகள் சொன்னாள். அது நல்லது. நம்மிடம் இருப்பதையும் தூசி தட்டலாமே என்கிறேன்.

நகராண்மைக் கழகத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நகராண்மைக் கழகம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்கிறது. எனக்கே இந்த வயதில்தான் தெரிந்தது. 2021 டிசம்பரில் இருந்து 18 வயதுப் பிள்ளைகள் தாமாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். அவர்களை ஒருமுறையாவது அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு லாவணி வைத்தால் கேள்வி தானாக வரும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும், செலவு தேநீருக்குத்தான்.

ஒரு சின்ன உதவி. கோயில் மண்டபத்தில் லாவணி வைத்த அன்று இரவே அப்பாவின் டேப்பு தோல் கிழிந்துவிட்டது. பேராக்கில் தோல் மாற்றித் தருபவர் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகை வழியாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். காமன் பண்டிகையில் பாடியவர்கள் வீட்டில் பழைய பாட்டு நோட்டு இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலர்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்