சோதனைக் கட்டளை களஞ்சியத்திலேயே இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்ச் சொல்திருத்தி, விசைப்பலகை, எழுத்துரு என்று கட்டற்ற மென்பொருள் எழுத வரும் மாணவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த சிஐ நல்லது?" என்பதைத்தான். சிஐ என்பது, நிரலில் மாற்றம் வரும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவை. அவர்களுக்காகவே இக்கடிதம். சேவையைத் தேர்வு செய்யும் முன் சோதனைக் கட்டளைகளை எங்கே எழுதி வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

ட்ராவிஸ் சிஐ பலருக்கு நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான கட்டற்ற திட்டங்கள் அதை இலவசமாகப் பயன்படுத்தி வந்தன. 2019-இல் நிறுவனம் கைமாறியது. 2020 நவம்பரில் கட்டண முறை மாறியது. 2021 ஜூனில் பழைய தளமே மூடப்பட்டது. எல்லாப் படிகளையும் அந்தச் சேவையின் அமைப்புக் கோப்பிலேயே எழுதியிருந்தால் மொத்தத்தையும் திரும்ப எழுத வேண்டும். திட்டத்தின் நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியத்துக்குள் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டாக வைத்திருந்தால் புதிய சேவையின் கோப்பில் மூன்று படிகள் போதும்: நிரலை எடு, தேவையான தொகுப்புகளை நிறுவு, ஸ்கிரிப்டை ஓட்டு. அதே கட்டளையைப் பங்களிப்பவர் தன் மடிக்கணினியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஷெல் ஸ்கிரிப்டைவிட பைத்தான் நல்லது, விண்டோஸிலும் அப்படியே ஓடும்.

களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளங்களில், பொதுக் களஞ்சியத்துக்கு கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தன் வழக்கமான இயந்திரங்களை நிமிடக் கணக்கு பார்க்காமல் இலவசமாகத் தருகிறது. கிட்லேபின் இலவசத் திட்டத்தில் மாதம் 400 நிமிடம். பெர்லினில் உள்ள லாபநோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க்கைக் கொள்கைக்காக விரும்புபவர்கள் உண்டு. அங்கே 'வுட்பெக்கர்' என்ற சிஐ வசதிக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் உரையைக் கையாளும் நிரல் என்றால் நான் முதலில் பார்ப்பது, விண்டோஸ் இயந்திரம் கிடைக்கிறதா என்பதை.

காரணம், மெய்யெழுத்தின் மேல் வரும் நம் புள்ளி. பைத்தான் 3.14 வரை, கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தை (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) குறிப்பிடாவிட்டாலும் லினக்ஸில் சரியாகவே ஓடும். ஆங்கில விண்டோஸிலோ அதே கோப்பு 1252 என்ற பழைய குறியாக்கத்தில் படிக்கப்படும். புள்ளிக்கு மூன்று பைட்டுகள். கடைசி பைட்டின் மதிப்பு 141. 1252 அட்டவணையில் அந்த இடம் காலி. ஆகவே முதல் மெய்யெழுத்து வந்ததுமே நிரல் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் மட்டும் சோதித்தால் இது வெளியீட்டுக்குப் பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது 'கொ'. ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிறர் அனுப்பும் மாற்றத்தைப் படித்து ரிவ்யூ செய்பவர் எத்தனை முறை பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சொற்பட்டியலில் தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. பட்டியல் கோப்புகள் எல்லாம் என்எஃப்சி வடிவில் (இத்தகைய குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை பத்து வரிக்குள் அடங்கிவிடும். அது தேறாமல் மாற்றத்தை மூல நிரலோடு மெர்ஜ் செய்ய (சேர்க்க) முடியாதபடி வையுங்கள். கோப்புப் பெயர்களும் தமிழில் இருந்தால் களஞ்சியத்தை நிர்வகிக்கும் கிட் அவற்றை \340\256 என்று எண்களாகக் காட்டும்; 'கோர்.கோட்பாத்' (core.quotepath) அமைப்பை 'ஃபால்ஸ்' (false) ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

மூன்று நான்கு பேர் நடத்தும் திட்டத்தின் ரிவ்யூவுக்குப் புல் ரிக்வெஸ்ட்டே (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போதும். ஆண்ட்ராய்டும் லிப்ரே ஆபிஸும் வைத்திருக்கின்றன என்பதற்காக கெரிட் என்ற ரிவ்யூ கருவியை நிறுவ வேண்டாம். ஒவ்வொரு கமிட்டையும் (களஞ்சியத்தில் பதிவாகும் மாற்றம்) தனித்தனியே, முந்தைய திருத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைப்போல் வசதியான கருவி இல்லை என்பேன். ஆனால் கமிட் செய்தியில் 'சேஞ்ச்-ஐடி' வரியைச் சேர்க்கும் ஹூக்கை (தானாக ஓடும் சிறு நிரலை) நிறுவாமல் அனுப்பினால் வழக்கமாக கெரிட் ஏற்காது. முதல்முறை வருபவர் அந்த இடத்திலேயே சோர்ந்துவிடுவார். எந்தக் கருவியானாலும், பேசி முடிவானதன் காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதிவிடுங்கள். பேப்ரிகேட்டர் என்ற ரிவ்யூ கருவியின் பராமரிப்பு 2021-இல் நின்றது. அதில் ரிவ்யூ நடத்திவந்த எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் 2023-இல் கிட்ஹப்புக்கு மாற வேண்டியிருந்தது. கருவியை மாற்றினாலும் கமிட் செய்தி களஞ்சியத்தோடு கூடவே வரும்.

பாதுகாப்பில் பலர் சறுக்குகிறார்கள். ஆக்‌ஷன்ஸில் 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என்ற தூண்டலில் (சிஐ வேலையைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு), முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோரிக்கைக்கும் உங்கள் ரகசியச் சாவிகள் எட்டும். அங்கே அவருடைய நிரலை எடுத்து ஓட்டினால் சாவியைக் கையில் கொடுத்ததாகிவிடும். சோதனைக்குச் சாதாரண 'புல் ரிக்வெஸ்ட்' தூண்டலும் படிக்க மட்டுமான அனுமதியும் போதும். 2025 மார்ச்சில், பிறர் எழுதியதை அப்படியே ஒரு படியாக எடுத்துப் பயன்படுத்தும் 'சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' என்ற ஆக்‌ஷனின் பதிப்பு டேக்குகளை (ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர்கள்) தாக்குதல்காரர்கள் தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய திட்டங்கள் சிலவற்றின் சாவிகள் சிஐ பதிவில் எல்லோரும் படிக்கும்படி அச்சாகின. டேக்குக்குப் பதில், சரிபார்த்த பழைய கமிட்டின் 40 இலக்க அடையாளத்தைக் குறித்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. வீட்டுக் கணினியைப் பொதுக் களஞ்சியத்துக்கு ரன்னராக (சிஐ வேலைகளை ஓட்டும் இயந்திரமாக) இணைப்பதும் கூடாது. வெளியார் நிரல் அதில் ஓட வழி திறந்துவிடும்.

நேர வரம்பையும் மறக்க வேண்டாம். கிட்ஹப்பில் ஒரு வேலை சிக்கிக்கொண்டால் 360 நிமிடம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். சிறிய திட்டத்துக்கு 15 நிமிடம் என்று குறித்தால் தாராளம்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர்,
திருச்சி