பிரேக் கோளாற்றைச் சோதிக்காமலே பாகங்களை மாற்றியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
வாகனப் பழுதுபார்ப்பு நிறுவனம், பினாங்கு.

பொருள்: பிக்கப் வண்டியின் பிரேக் பழுது தீராதது, பூஸ்டருக்குச் செலுத்திய தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். குடும்பப் பயன்பாட்டுக்காக நான் வைத்திருக்கும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பிரேக் பெடல் மெத்தென்று இருக்கிறது, வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது என்று சொல்லி அதை உங்கள் பட்டறையில் விட்டேன். முதலில் முன்சக்கர பிரேக் பேடுகளை மாற்றி, ஏர் எடுத்தீர்கள் (பிரேக் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றினீர்கள்). குறை தீராமல் மீண்டும் வந்தபோது பிரேக் பூஸ்டரையே புதிதாக மாற்றினீர்கள். இரண்டு பில்களையும் முழுமையாகச் செலுத்திய பின்னும் பெடல் மெத்தென்றுதான் இருக்கிறது. அத்துடன், முன்பு இல்லாத ஒரு குறையும் இப்போது சேர்ந்திருக்கிறது.

பூஸ்டரை மாற்றியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தருவதே பூஸ்டரின் வேலை. அது பழுதானால் பெடல் கல்லைப் போல் இறுகி, பலங்கொண்டு மிதிக்க வேண்டிவருமே தவிர, மெத்தென்று இறங்காது. இதைச் சோதிக்கக் கருவிகூடத் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திப் பெடலைச் சில முறை மிதித்து, எஞ்சியிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலை எடுக்காமல் எஞ்சினை முடுக்கினால், நல்ல பூஸ்டராக இருந்தால் பெடல் சற்றே கீழிறங்கும். பழைய பூஸ்டரில் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேட்டதற்கு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பதே உங்கள் பணியாளரின் பதிலாக இருந்தது. அது பதிலே அல்ல.

புதிதாகச் சேர்ந்த குறை இதுதான்: எஞ்சின் ஓடும்போது பெடலை மிதமாக, ஒரே சீராக அழுத்திப் பிடித்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தரைவரை தாழ்கிறது. பிரேக் எண்ணெயின் அளவு குறையவில்லை. சக்கரங்களின் உட்புறத்திலோ குழாய் இணைப்புகளிலோ கசிவும் இல்லை. வெளியே கசியாமலே பெடல் தாழ்ந்தால், பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகளைத் தாண்டி எண்ணெய் திரும்பிச் செல்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நான் அருகில் நின்றபோது, ஏர் எடுப்பதற்காகப் பெடலைத் திரும்பத் திரும்பத் தரைவரை அழுத்தினார்கள். பல ஆண்டுகள் ஓடிய சிலிண்டரில், கப்புகள் வழக்கமாகச் செல்லாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். அங்கே தள்ளப்படும் ரப்பரின் விளிம்பு கிழியக்கூடும். பெடல் தாழத் தொடங்கியது அதன் பிறகே என்பதால், இதை முறையாக விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், வண்டியைத் தூக்கிப் பின் அச்சைத் தொங்கவிட்டபடியே பின்சக்கரங்களில் ஏர் எடுத்தார்கள். சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு இவ்வண்டியில் உண்டு. அச்சு தொங்கும்போது அது எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் காற்று உள்ளேயே தங்கிவிடலாம். பின் டிரம்களைத் திறந்து லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்த்ததாகவும் பில்லில் குறிப்பில்லை.

நான் வசிப்பது பாலிக் புலாவில். ஜாலான் துன் சார்டோனின் செங்குத்தான வளைவுகளில் இறங்கித்தான் பாயா தெருபோங் பக்கம் வர வேண்டும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில் அமையும் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கான பாத்திரங்களையும் பொருள்களையும் இந்த வண்டியில்தான் ஏற்றி வருகிறோம். இந்த பிரேக்கை நம்பி அந்த மலைப்பாதையில் யாரையும் ஏற்றிவர எனக்குத் துணிவில்லை. வண்டி வீட்டிலேயே நிற்கிறது.

ஆகவே, பூஸ்டருக்கும் அதை மாற்றிய கூலிக்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையும் பின் பிரேக்குகளையும் என் முன்னிலையில் சோதித்து, கண்டதை எழுத்து வடிவில் தர வேண்டும். சிலிண்டர் உங்கள் வேலையால் பழுதானது என்று தெரிந்தால், அதை உங்கள் செலவிலேயே மாற்றித் தர வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் நியாயமான கவனத்துடனும் திறனுடனும் பணி செய்ய வேண்டும் என்கிறது. இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், பாலிக் புலாவ்

இணைப்பு: இரண்டு பில்களின் நகல்கள்