பிரிவையும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளி ஓட்டப்பந்தய வீராங்கனை பிரீத்தி பாலைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவர் பட்ட துன்பங்களும் பெற்றோரின் கண்ணீரும் அதில் விரிவாக இடம்பெற்றிருந்தன. அவர் எந்தப் பிரிவில் ஓடினார், எத்தனை நொடியில் ஓடினார் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. மேலூர் வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதும்போது முதலில் எழுதவேண்டியவை இவ்விரண்டுமே என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டு 30 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில், பெண்களுக்கான டி35 பிரிவு 100 மீட்டர் ஓட்டத்தை 14.21 நொடியில் முடித்து அவர் வெண்கலம் வென்றார். அதற்கு முன் பாராலிம்பிக் தடகளத்தில் இந்தியா பெற்ற பதக்கங்கள் எல்லாம் எறிதலிலும் தாண்டுதலிலும் வந்தவை; ஓடுதளத்தில் கிடைத்த முதல் பதக்கம் இதுதான். அவருக்கு முன்னால் வந்த சீன வீராங்கனைகள் இருவரின் நேரம் 13.58, 13.74. இரண்டு நாள் கழித்து 200 மீட்டரை 30.01 நொடியில் ஓடி மற்றொரு வெண்கலத்தையும் பெற்றார். நல்ல குறுவிரைவு ஓட்டக்காரருக்கு 200 மீட்டர் நேரம் 100 மீட்டர் நேரத்தின் இருமடங்கை ஒட்டியே வரும். பிரீத்திக்கோ இருமடங்கைவிட 1.59 நொடி கூடுதலாகிறது. வளைவில் உடலை உட்புறமாகச் சாய்த்து ஓடுவது, இரு கால்களிலும் தசை இறுக்கம் உள்ளவருக்கு எவ்வளவு கடினம் என்பதை அந்த 1.59 நொடி ஓரளவு சொல்லிவிடுகிறது. அந்த இரண்டு எண்களும் கட்டுரையில் இருந்திருந்தால் வாசகர்கள் அவரை ஓட்டக்காரராகப் பார்த்திருப்பார்கள்.

டி35 என்பது ஏதோ வரிசை எண் அன்று. மூளை முடக்குவாதம் போன்றவற்றால் தசை இறுக்கமோ, அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிக்கலோ உள்ளவர்களில், நின்று ஓடக்கூடியவர்களை 35 முதல் 38 வரை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். எண் கூடக்கூடப் பாதிப்பு குறையும். ஆகவே டி35 அந்த நான்கில் மிகக் கடுமையான பிரிவு. ஓடும்போது முழங்கால்கள் உட்புறம் இழுக்கும், குதிகால் எளிதில் தரையில் படியாது, வேகத்தைக் கூட்ட முயன்றால் தசை மேலும் இறுகும். 14.21 நொடி எத்தகைய வேகம் என்பது இதையெல்லாம் அறிந்தவருக்கே விளங்கும்.

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரைச் சேர்ந்த பிரீத்தி, ஐந்து வயது முதல் எட்டு ஆண்டுகள் கால்களைத் தாங்கும் காலிபர் கருவி அணிந்து நடந்தவர். பதினேழாவது வயதில் சமூக வலைத்தளத்தில் பாராலிம்பிக் போட்டிகளைப் பார்த்த பிறகுதான் தம்மைப் போன்றவர்களுக்கும் பந்தயங்கள் உண்டென்று அறிந்திருக்கிறார். சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா போட்டிகளில் பதக்கமின்றித் திரும்பி, பின்னர் தில்லியில் பயிற்சியாளர் கஜேந்தர் சிங்கிடம் ஓடும் முறையையே திருத்திக்கொண்டு, 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் பாரா தடகளப் போட்டியில் 200 மீட்டரில் வெண்கலம் பெற்றார். 2025இல் புதுதில்லியில் நடந்த உலகப் போட்டியில் 100 மீட்டரில் வெள்ளியும் 200 மீட்டரில் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன.

அந்தப் பதினேழு வயது என்பதுதான் என்னை வாட்டுகிறது. எங்கள் பள்ளியில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், காலிபர் அணிந்த மாணவி ஒருவர் எட்டாம் வகுப்பில் படித்தார். விளையாட்டுப் பீரியடில் அவரைப் புங்கமரத்தடியில் உட்காரவைத்து என் ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுப்பேன். குறுவட்டப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் நேரத்தையெல்லாம் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார். "சார், நானும் ஒரு தடவை ஓடிப் பாக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார். விழுந்துவிடுவார் என்ற அச்சத்தில் வேண்டாம் என்றேன். அந்த நோட்டில் எல்லாப் பிள்ளைகளின் நேரமும் இருந்தது. எழுதியவரின் நேரம் மட்டும் இல்லை. அவரைப் போன்றவருக்கென ஒரு பிரிவு உண்டென்று அன்று எனக்குத் தெரியாது. நான் படித்த எந்தச் செய்தித்தாளும் அதைச் சொன்னதில்லை.

பிற்காலத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உள்ளூர்ப் போட்டி ஒன்றில் நேரக் கணிப்பாளராக நின்றபோது, ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்ட சிறுவனையும் இரு கால்களும் இறுகிய சிறுவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஓடவிட்டார்கள். விசில் ஊதும் முன்பே முடிவு தெரிந்திருந்தது. கடைசியாக வந்த அந்தச் சிறுவனுக்கு எல்லோரும் கைதட்டினார்கள், ஆனால் அவன் தலை நிமிரவே இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது தன்னைப் போன்ற நான்கு பேருடன் ஒரு நேர்மையான பந்தயம். பிரிவு பார்க்காமல் நடத்தும் ஓட்டத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

நம் சக்கிமங்கலத்து ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடியபோது, அவர் வெறுங்காலில் பயிற்சியைத் தொடங்கிய கதையைத் தாங்கள் வெளியிட்டீர்கள். கூடவே அவரது 400 மீட்டர் நேரத்தையும் வெளியிட்டீர்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திற்கு வரும் பிள்ளைகள் அந்த நேரத்தைத் தங்கள் நேரத்தோடு ஒப்பிட்டுப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். பிரீத்தியைப் பற்றி அப்படிப் பேச எங்கள் பிள்ளைகளிடம் ஓர் எண்கூட இல்லை.

2026 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருக்கின்றன. அப்போது ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் பிரிவையும் நேரத்தையும் அச்சிடுமாறும், டி35, டி64 போன்ற பிரிவுகள் யாருக்குரியவை என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியில் விளக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் நடக்கும் மாவட்ட அளவிலான போட்டிகளின் முடிவுகளுக்கும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். அதற்கு இடம் போதாதென்றால் வெற்றியாளரின் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.