கத்திய விடு மாப்ள, பிளேயரைப் பாரு

மாப்ள,

நல்லாருக்கியா. போன்ல பேசுனா பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா"லயே போயிருது, அதேன் ஒக்காந்து எழுதிருவோம்னு எழுதுறேன். மழை வேற, கரண்ட் இல்ல, தோட்டத்துக்கும் போக முடியல.

ஊர்ல எல்லாரும் சொகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதேன் இருக்கு, தேனியில டாக்டரப் பாத்தோம், நடங்கன்னாரு, அது வாசல்ல இருந்து முக்குக் கடை வரைக்கும் போயிட்டு ரெண்டு மைல் நடந்த கணக்கு சொல்லுது. திராட்சைதான் இந்தவாட்டி காலை வாரிருச்சு. பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்கன்னு நம்ம கம்பம் முழுக்க ஒரே பெருமையா இருந்துச்சுல்ல, குறியீடு இருந்து என்ன பண்ண, பழுக்குற நேரத்துல மழை பெஞ்சா பழம் வெடிச்சுருது, அத எந்தக் குறியீடும் தடுக்கல. சரி விடு, அந்தப் பொலம்பல் ஒனக்கு எதுக்கு.

நீ கேட்ட விஷயத்துக்கு வாரேன். ஷார்ஜால ஏசி வேலைக்கு இடுப்புல மாட்டிக்கிற மாதிரி ஒரு மல்டிடூல் (பிளேயர், கத்தி, கத்திரிக்கோல் எல்லாம் ஒண்ணுக்குள்ள மடங்குற சாமான்) வாங்கணும், எதோட பிளேடு ஸ்ட்ராங்குன்னு கேட்டிருந்த. நாலு பக்கத்துக்கு எஃகு பேரா எழுதியிருக்க, 420எச்சி, எஸ்30வி, மேக்னாகட்டு, படிச்சா கெமிஸ்ட்ரி பரிச்சை ஞாபகம் வருது. கேள்வியே தப்பு மாப்ள. பிளேடு ஸ்ட்ராங்கான்னு கேக்காத, பிளேயர் ஸ்ட்ராங்கான்னு கேளு. தமிழ்ல குறடுன்னு எழுதலாம்னு பாத்தேன், "குறட்டைப் பாரு"ன்னு எழுதுனா நீ ராத்திரி விடுறதச் சொல்றேன்னு நெனச்சுக்குவ, அதனால பிளேயர்னே எழுதுறேன்.

ஏன் சொல்றேன்னா, இந்த டூலு பொறந்த கதையே அதுதேன். டிம் லெதர்மேன்னு ஒரு அமெரிக்கக்காரரு, 1975ல சம்சாரத்தோட ஒரு பழைய ஃபியட் காரை வச்சுக்கிட்டு ஐரோப்பா சுத்தியிருக்காரு, அந்தக் காரு அங்கங்க நின்னு போயிருக்கு, தங்குன எடத்துல பைப்பும் ஒழுகியிருக்கு. பாக்கெட்டுல கத்தி இருந்துச்சு, பிளேயர் இல்ல. கத்திக்குள்ள ஒரு பிளேயர் இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்னு தோணித்தேன் ஊருக்குப் போயி வருஷக்கணக்கா ராவி ராவிப் பாத்து 1983ல மொத டூலைக் கடைக்கு அனுப்புனாரு. கத்தி பத்தலன்னு வந்த சாமானுக்கு நீ கத்தியப் பத்தியே நாலு பக்கம் எழுதுற.

நீ 2019ல லீவுக்கு வந்தப்ப எனக்கு அந்த லெதர்மேன் கம்பெனியோட வேவ் பிளஸ் டூல் ஒண்ணு கொண்டாந்து குடுத்தியே, அத நான் என்ன பண்ணுனேன்னு இதுவரைக்கும் உங்கிட்ட சொன்னதே இல்ல. வெல கேட்டதுல இருந்து கையில எடுக்கவே மனசு வரல, பீரோல வேட்டிக்கு அடியில வச்சுப் பூட்டிட்டேன். வேலைக்குன்னு திருவிழாக் கடையில 350 ரூவாய்க்கு பேரே இல்லாத ஒண்ணு வாங்கி இடுப்புல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், பாக்க உன்னுது மாதிரியே இருக்கும், மினுமினுப்பு அத விட ஜாஸ்தி.

அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ள வந்துச்சே, 2023 மே மாசம், அதுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு. யானைய அதுக்குள்ள புடிச்சு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோயி விட்டுட்டாங்க, ஆனா பொம்பளைங்களுக்கு பயம் போகல, எந்த வளைவுலயும் அதுதேன் நிக்கிற மாதிரி பேசிக்கிருவாங்க. வண்டன்மேட்டுல ஒரு ஏலத்தோட்டத்துல ஸ்பிரிங்ளர் மோட்டர் பாக்கப் போகணும்னு விடியக்காலம் கூலி ஜீப்புலயே தொத்திக்கிட்டேன். கம்பம்மெட்டு ஏத்தத்துல பாதியில ஆக்சிலேட்டர் கேபிள் அந்துபோச்சு. எறக்கமா இருந்தா கியர்லயே உருட்டிக்கிட்டு வந்துரலாம், இது ஏத்தம். வண்டிக்குள்ள பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க, டிரைவர் தம்பிகிட்ட ஜாக்கியத் தவிர ஒரு சாமான் இல்ல. நான் பெரிய மெக்கானிக்கு மாதிரி டூலை உருவிக்கிட்டு பானெட்டுக்குள்ள தலைய விட்டேன். கேபிளப் புடிச்சிருந்த நட்டு துருப்புடிச்சு எறுகிக் கெடக்கு, பிளேயர் நுனியால கவ்வி ஒரு திருகு திருகுனேன், நுனி பிஸ்கட்டு மாதிரி பொட்டுன்னு போச்சு. நட்டு அப்படியே இருக்கு. சரின்னு கத்திய விட்டு நெம்புனேன், அதோட முனையும் போச்சு. ஒரு அக்கா உள்ள இருந்து "அண்ணே, அந்தக் கத்திரிக்கோல் ஒண்ணுதேன் மிச்சம், அதையும் ஒடச்சிட்டு வாங்க, நடந்தே போவோம்"னுச்சு. கடைசில திராட்சைப் பந்தலுக்கு வச்சிருந்த பைண்டிங் கம்பிய டீசல் பம்பு லிவர்ல கையாலயே முறுக்கிக் கட்டி, அதுல கயித்தப் போட்டு ஜன்னல் வழியா நான் இழுக்க இழுக்க தம்பி ஓட்டுனான். மெட்டு ஏறுறதுக்குள்ள தோள்பட்டை எறங்கிப்போச்சு. அன்னைக்கு சாயங்காலம் வந்த ஒடனே பீரோவத் தொறந்தேன்.

அன்னைல இருந்து தினமும் உன் வேவ்தேன். அதனால நான் சொல்றத யாரோ சொன்னதா எடுத்துக்காத, பந்தல்ல ஜிஐ கம்பி வெட்டி வெட்டிப் பாத்துத்தேன் சொல்றேன்.

பிளேயர்ல பலம் எங்க இருந்து வருதுன்னு ஒரு கணக்கு இருக்கு, நம்ம ஏழாப்புல நெம்புகோல்னு படிச்சதுதேன். நடு ஆணியில இருந்து நீ கைய வச்சு அமுக்குற எடம் 9 சென்டிமீட்டருன்னு வையி. கம்பி வெட்டுற வாயி ஆணியில இருந்து 1 சென்டிமீட்டர்ல இருக்கும், நுனி 3 சென்டிமீட்டர்ல இருக்கும். 20 கிலோ அமுக்குனா வெட்டுற எடத்துல 180 கிலோ இறங்கும், நுனியில 60 கிலோதேன். நுனி மெலிசு வேற. நான் அன்னைக்கு பண்ணுன கூத்து என்னன்னா, அந்த மெலிசான எடத்தக் குடுத்து கவ்வி, பக்கவாட்டுல திருகுனது. எந்த நுனியும் நேரா கவ்வுறதுக்குத்தேன், பக்கவாட்டு திருகலுக்குன்னு செஞ்சதில்ல. வெல கூடுன டூலுன்னாலும் எறுகுன நட்டுக்கு உள்பக்கத்து அகலமான பல்லத்தேன் குடுக்கணும்.

நம்ம 8 இஞ்சு கட்டிங் பிளேயரோட ஒப்பிட்டா நெம்பு கணக்குல பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் எங்கன்னா, அதுல ஒவ்வொரு பக்கமும் வாயில இருந்து கைப்பிடி வரைக்கும் அடிச்சு எடுத்த ஒரே இரும்பு, ஒரே ஆணி. மல்டிடூல்ல கைப்பிடி மடங்கணுமே, அதனால நடு ஆணி போக ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி, மொத்தம் மூணு. வாயி எம்புட்டு கெட்டியா இருந்தாலும் அந்த மூணுல ஒண்ணு ஆடுனா போச்சு. கடையில கையில வாங்குன ஒடனே கத்திய விரிச்சு நகத்துல தடவிப் பாக்காத, பிளேயர விரிச்சு ரெண்டு வாயையும் பக்கவாட்டுல ஆட்டிப் பாரு. அப்புறம் மூடி வெளிச்சத்துக்கு நேரா புடி, நுனி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காருதா, வெட்டுற எடத்துல வெளிச்சம் கசியுதான்னு பாரு. அம்புட்டுதேன் சோதனை.

கம்பியிலயும் கம்பி இருக்கு. 12 கேஜ் ஜிஐ கம்பி 2.6 மில்லி, 8 கேஜ் 4 மில்லி, பாக்க கொஞ்சந்தேன் தடிப்பு, ஆனா வெட்டுறதுக்கு குறுக்குப் பரப்புதேன கணக்கு, அது ரெண்டே கால் மடங்குக்கு மேல வருது. 12 கேஜ உன் வேவ் வெண்ணெய் மாதிரி வெட்டும், 8 கேஜுக்கு நான் பெரிய பிளேயரத்தேன் எடுப்பேன், கௌரவம் பாக்க மாட்டேன். இதெல்லாமாவது மெத்துக் கம்பி. கிளட்ச் கேபிள் உள்கம்பி, ஸ்பிரிங் கம்பி எல்லாம் ஹை கார்பன், இழுத்து இழுத்தே கெட்டிப்படுத்துனது, அதப் போயி சாதா வெட்டுவாயில வச்சு நறுக்குனா கம்பிக்குப் பதிலா வாயிலதேன் பள்ளம் விழும். வேவ் பிளஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சதே அந்த வெட்டுவாய ஸ்குரூ கழட்டி மாத்திக்கலாங்கிறது. பள்ளம் விழுந்தா வாய மட்டும் மாத்து, டூலைத் தூக்கிப் போட வேண்டாம். பல பிளேயர்ல இது கெடையாது, பள்ளம் விழுந்தா விழுந்ததுதேன், சாணை புடிக்கவும் முடியாது, தேச்சா ரெண்டு வாயும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது.

கத்தி அப்படியா சொல்லு. மழுங்குனா கல்லுல நாலு இழுப்பு, முடிஞ்சுது. வேவ் பிளேடு 420எச்சி, எஃகோட கெட்டித்தன்மைய அளக்குற ராக்வெல் கணக்குல 55ல இருந்து 58க்குள்ள வரும்பாங்க, விக்டோரினாக்ஸ் கத்தி 56. நீ ஆசப்படுற எஸ்30வி 60ஐ ஒட்டி வரும், அதுல வனேடியம் 4 சதவீதம் கெடக்கு, கூர் ரொம்ப நாள் நிக்கும், உண்மதேன். ஆனா மழுங்குன அன்னைக்கு நம்ம சாணைக்கல்லுல தேச்சா கல்லுதேன் தேயும், டைமண்டு கல்லு வேணும். நம்ம கொல்லப்பட்டறை ஆசாரி அந்தக் காலத்துலயே சொல்லுவாருல்ல, துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கி எடுக்கிறது) கூடுனா அருவா சிலும்பும், கொறஞ்சா மடங்கும்னு. லாரி ஸ்பிரிங் பட்டைய வாங்கி அடிச்சு, அந்தத் துவைச்சல் நெறத்தப் பாத்துப் பாத்து எடுப்பாரு, அவருக்கு ராக்வெல்லும் தெரியாது ஒண்ணும் தெரியாது. நீ டக்டு டேப்பு அறுக்கவும் இன்சுலேஷன் கிழிக்கவும் அட்டைப்பெட்டி தொறக்கவுந்தான வாங்குற. அதுக்கு 56 போதும். நெம்புறதுக்கு எந்தக் கத்தியும் போதாது, 60 இருந்தா இன்னும் சீக்கிரமா ஒடியும். பிளேடு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் பாரு, விரிச்சா லாக் விழுகுதான்னு. லாக் இல்லாத கத்தி வெரல் மேல மூடுனா என்ன ஆகும்னு எங்கிட்ட கேளு, தழும்பு இன்னும் இருக்கு.

விக்டோரினாக்ஸ் கம்பெனியோட மல்டிடூல் ஸ்பிரிட்டையும் ஒரு நாள் முழுக்க வச்சு வேல பாத்தேன், வண்டன்மேட்டு சேட்டனோட மகன் வச்சிருக்கான். சும்மா சொல்லக் கூடாது, தொறக்கிறதும் மூடுறதும் அப்படி ஒரு வழவழப்பு, கைப்பிடி வளைவா இருக்கா, அழுத்திப் புடிச்சா உள்ளங்கையில தகட்டு விளிம்பு வெட்டாது. எடையும் 210 கிராம், வேவ் 241. அந்தப் பிளேயர் வாயி ஒடுக்கமா நீளமா இருக்கு, சின்ன வயரு, கனெக்டர் பின்னு மாதிரி நுணுக்க வேலைக்கு அதுதேன் ராஜா. கம்பி முறுக்கி இழுக்கிற முரட்டு வேலைக்கு எனக்கு வேவ்தேன் தைரியம். இது என் கை பழக்கம், வேற ஆளு வேற மாதிரி சொல்லலாம். பெருசு வேணும்னா லெதர்மேன் சர்ஜ் இருக்கு, நல்ல கனம், இடுப்புல மாட்டுனா ஒரு கையில பேன்டப் புடிச்சுக்கிட்டுத்தேன் ஏணி ஏறணும்.

அன்னைக்கே சேட்டனோட சம்சாரம் ஒரு பலாப்பழத்தக் கொண்டாந்து வச்சு, கத்தி இருக்கான்னு கேட்டுச்சு. நானும் வீராப்பா வேவ் பிளேடால கீறிட்டேன். பிசின் போயி ஆணிக்குள்ள எறங்கி, மறுநா காலையில டூலு விரியவே மாட்டேங்குது. தேங்கெண்ணெய ஊத்தி அரை மணி நேரம் ஆட்டி ஆட்டி எடுத்தேன். எந்தக் கம்பியும் செய்யாத வேலைய ஒரு பலாப்பழம் செஞ்சுருச்சு.

அதனால உனக்கு நான் சொல்றது, ஏசி வேலைக்கு வயரும் கனெக்டரும் ஜாஸ்தின்னா ஸ்பிரிட்டு வாங்கு. தொங்கவிட கம்பி வெட்டுறது, கிளாம்பு முறுக்குறதுதேன் ஜாஸ்தின்னா வேவ் பிளஸ் வாங்கு, கூடவே மாத்து வெட்டுவாய் ஒரு செட்டு. 2023ல வந்த லெதர்மேன் ஆர்க்க பத்தி எழுதியிருந்த, மேக்னாகட் பிளேடு, காந்தத்துல மூடுற கைப்பிடி, ஒத்தக் கையில தொறக்கலாம், நல்ல சாமான்தேன். ஆனா அந்த வெலையில பாதிக்கு மேல நீ பிளேடுக்குத்தேன் குடுக்கிற மாதிரி எனக்குத் தோணுது. மிச்சக் காசுல உன் தங்கச்சி மகளுக்கு ஒரு கொலுசு எடுத்துட்டு வா, பேர் வைக்கிற அன்னைக்கே கேட்டுச்சு உன் தங்கச்சி. எது வாங்குனாலும் பெரிய பிளேயர் ஒண்ணு டூல் பேக்ல கெடக்கட்டும்.

வர்றப்ப டூல கைப்பைல வச்சு மாட்டிக்கிறாத, ஏர்போர்ட்ல புடுங்கிக்கிருவாங்க, பெட்டிக்குள்ள போட்டு லக்கேஜுல விடு. மதுரைக்கு டிக்கெட்டு கெடைக்குதா இல்ல கொச்சிதானான்னு சொல்லு, கொச்சின்னா குமுளி வழியா நானே வண்டி எடுத்துட்டு வாரேன். அந்த ஜீப்பு தம்பிதேன் ஓட்டுவான், கேபிளு புதுசு மாத்திட்டான்.

உன் பங்காளி,
முருகேசன்